சாவி யாரிடம் இருக்கிறது?

ஒவ்வொரு புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு நாடகம் போடும் தம்பி தங்கைகள் யாராவது போன் செய்வார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது செய்தார்கள். அடுத்த வருஷம் ஃபெஞ்சல் புயல் விழுப்புரத்தையும் கடலூரையும் மூழ்கடித்தபோதும் செய்தார்கள். கேள்வி ஒன்றுதான்: "நாங்களும் அங்க போய் ஒரு நாடகம் போடலாமாண்ணே?"

தாராளமாகப் போகலாம். ஆனால் கையில் நாடகத்தோடு போகாதீர்கள். ஊரில் ஏற்கெனவே ஒரு நாடகம் முளைத்திருக்கும், அதைக் கண்டுபிடித்து அந்த ஊர்க்காரர்களே போட உதவி செய்யுங்கள். இன்னொன்று, அடித்து முடித்த புயலை யாரையும் நடிக்க வைக்காதீர்கள். இந்த இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேதாரண்யம் வட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு ஊர். கஜா புயலுக்குப் பிறகு அங்கே நாங்கள் சில பேர் சேர்ந்து செய்த வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

2018 நவம்பர் 15 ராத்திரி தாண்டி, 16 விடிவதற்கு முன்னால், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. முன்னெச்சரிக்கை நேரத்துக்கு வந்துவிட்டது. 80,000 பேருக்கும் மேல் முகாம்களுக்குப் போயிருந்தார்கள். அதனால் பல உயிர் தப்பியது. ஆனால் தப்பியவர்கள் காலையில் வெளியே வந்து பார்த்தபோது தோப்பு இல்லை. வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று அந்தப் பட்டை முழுக்கத் தென்னை படுத்துக் கிடந்தது. மா, முந்திரி, சவுக்கு எதுவும் மிச்சமில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்களுக்குக் கரண்ட் வரப் பல வாரம் ஆனது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எந்தப் புயல் வந்தாலும் 1952 புயலோடுதான் ஒப்பிடுவார்கள். கஜாவுக்குப் பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது.

எங்கள் குழு சின்னது. பாதிப்பேர் தொண்ணூறுகளின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டவர்கள், மீதி கல்லூரிப் பிள்ளைகள். முதலில் போனது அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, சானிட்டரி நாப்கின் இவற்றோடுதான். நாடகம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் கூடாது. கூரையில்லாத வீட்டின் முன்னால் போய் நின்றுகொண்டு "உங்கள் உணர்வுகளை வெளிப்படுத்துங்கள்" என்று சொல்வது போன்ற கொடுமை வேறில்லை.

நிவாரணத்தில் கூடவே நின்றதில் இன்னொரு பயனும் இருந்தது. ஊர் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பது சாமான் கொடுக்கும்போது தெரிந்துவிடும். லாரிகள் மெயின் ரோட்டிலேயே மடக்கப்பட்டன. ரோட்டோர வீடுகளுக்கு நாலு தடவை கிடைத்தது, உள்ளே தள்ளி இருக்கிற தெருவுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள், யார் நிற்கவே வருவதில்லை, டோக்கன் யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து மனதில் வைத்துக்கொண்டோம். பிற்பாடு நாடகத்தை எந்த இடத்தில் போடுவது என்று முடிவெடுத்தபோது அது உதவியது.

நாடகம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். பள்ளிக்கூட வராந்தாவில் ராத்திரி எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நஷ்ட ஈட்டுக்காக மரக் கணக்கெடுப்பு தொடங்கியிருந்த நேரம். அன்றைக்கு ஒரு மருமகள், முப்பது வயதிருக்கும், கீழே கிடந்த ஒரு காய்ந்த மட்டையைத் தூக்கி ரிஜிஸ்டர் மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வது போல விரலை வைத்து, "மரம் முழுசா விழுந்திருக்கா, பாதியா? தலை மட்டும் போயிருந்தா அதுக்கு ரிஜிஸ்டர்ல வேற கட்டம்மா, அத அடுத்த தடவ பாப்போம்" என்றாள். அப்புறம் சட்டென்று முதுகை வளைத்து மாமியார் குரலில், "தலை போன மரத்த உசுரோட இருக்குன்னு எழுதிக்கிறீங்களாய்யா?" என்று கேட்டாள். வராந்தா முழுக்கச் சிரிப்பு. அந்த மாமியார்தான் முதலில் சிரித்தார். புயலுக்குப் பிறகு அந்த ஊரில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டது அப்போதுதான்.

எங்கள் முதல் காட்சி அதுதான். நாங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. "இதை நாளைக்கும் செய்து காட்டுறீங்களா, அந்தத் தெருக்காரங்களையும் கூப்பிடுவோம்" என்று கேட்டோம், அவ்வளவே. மறுநாள் அந்த மருமகள் ரிஜிஸ்டரோடு வந்தபோது, எதிரே நிற்கும் குடும்பமாக நாலு பேர் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள்.

ஒத்திகை என்று முறையாக உட்கார்ந்த முதல் நாள், எல்லோரும் அப்பாயி என்று கூப்பிடும் ஒரு பாட்டி ஒரு நிபந்தனை வைத்தார். "என்ன வேணா ஆடுங்க தம்பி. காத்து சத்தம் மட்டும் வேணாம்." சுற்றி இருந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது வேண்டாம் என்பது அந்த மௌனத்திலேயே தெரிந்தது. தகர ஷீட்டை ஆட்டினால் புயல் சத்தம் அப்படியே வரும், நாடகக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். அந்த ஊரில் கடைசிவரை தகரத்தைத் தொடவில்லை.

அப்பாயி சொன்னதன் நியாயம் எனக்கு நாள் போகப்போக இன்னும் நன்றாக விளங்கியது. அந்த ராத்திரி ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. ஒருத்தர் கட்டிலுக்கடியில் பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தார், இன்னொருத்தர் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு விடியும்வரை நின்றார். அதை நடித்துக் காட்டச் சொன்னால் உடம்பு மறுபடி அந்த ராத்திரிக்கே போய்விடும். திரும்பக் கொண்டுவரும் பயிற்சி நம்மிடம் கிடையாது. மறுநாள் காலையிலிருந்து தொடங்கினால் கதை வேறு. அங்கே செய்வதற்கு வேலை இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறது, கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ராத்திரி அவர்களைத் தரையோடு அழுத்தி வைத்திருந்தது, காலையில்தான் அவர்கள் எழுந்து நடந்தார்கள். நடிக்க வேண்டியது எழுந்து நடந்த பகுதியை.

அப்படியும் யாராவது உடைந்து அழுவார்கள். அதற்காகக் குழுவில் ஒருவர் நடிக்காமலே இருக்க வேண்டும். அவர் வேலை கூட்டத்தைப் பார்ப்பதும், எழுந்து போகிறவர் பின்னால் போய்ப் பக்கத்தில் உட்காருவதும்தான். எங்களோடு ஒரு செவிலியர் அக்கா இருந்தார். தூக்கமே வராதவர்கள், சாப்பிடாதவர்கள், "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று பேசத் தொடங்கியவர்கள் என்று தெரிந்தால் மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவார். அப்போது 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்வோம். இப்போது 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணும் இருக்கிறது. நாடகம் மருந்துக்குப் பதிலாகாது. தோப்பு போன கடனில் சிலர் உயிரை விட்ட பகுதி அது, விளையாட்டில்லை.

இடம் பார்ப்பது பெரிய வேலை. கோயில் திடலில் போட்டால் தலித் தெருவிலிருந்து யாரும் வர மாட்டார்கள், அல்லது வந்து ஓரமாக நிற்பார்கள். தெருவுக்குள் போட்டால் ஊர்க்காரர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ரேஷன் கடைக்கு முன்னால் இருந்த காலியிடத்தைத் தேர்ந்தெடுத்தோம். எல்லாச் சாதிக்காரர்களும் மாதாமாதம் வந்து நிற்கிற இடம் என்பதால், அங்கே யாரும் யாரையும் "நீ ஏன் இங்கே" என்று கேட்க முடியாது. வட்டமாக உட்கார வைத்தோம். மேடை போட்டால் முன்வரிசை நாற்காலி யாருக்கு என்ற பிரச்சினை வந்துவிடும், வட்டத்தில் முன்வரிசை கிடையாது.

பறையிலும் இப்படித்தான். வீதி நாடகக்காரர்கள் பறையோடு இறங்குவது வழக்கம். 1980-இல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பட்டறைக்குப் பிறகு வேர்விட்ட வீதி நாடகத்தில் பறை கூடவே வந்துவிட்டது. ஆனால் அந்த ஊர் இளைஞர்கள் சாவுக்கு அடிப்பதைச் சில வருஷங்களுக்கு முன்னால்தான் நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் முதலில் அவர்களிடம் போய்க் கேட்டோம். "நாடகத்துக்குன்னா அடிப்போம்ணே. ஆனா வட்டத்துக்கு நடுவுல நின்னு அடிப்போம், ஓரமா நின்னு அடிக்க மாட்டோம்" என்றார்கள். நடுவில் நின்றே அடித்தார்கள். முதல் நாள் சிலர் எழுந்து போனார்கள். போனவர்களில் பாதிப்பேர் அடுத்த தடவை வந்தார்கள், மீதிப்பேர் வரவேயில்லை.

அந்தப் பக்கம் வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர்கள். பபூன் என்கிற கோமாளி நேராகக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதும், கூட்டத்திலிருந்து யாராவது பதிலுக்குக் குரல் கொடுப்பதும் அவர்களுக்குப் பழக்கம். அது எங்களுக்குப் பெரிய வசதி. நாங்கள் செய்ய நினைத்தது பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் முறை. 1973-இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலை செய்தபோது அவர் உருவாக்கியது. ஃபோரம் தியேட்டர் என்பார்கள். பிரச்சினையை ஒரு முட்டுச்சந்துவரை நடித்துக்கொண்டுபோய் நிறுத்துவது, அப்புறம் பார்வையாளரில் யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்ப்பது. நடுவில் நின்று கூட்டத்தைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். அதற்குப் பழைய பபூன் வேஷக்காரர் ஒருவரையே பிடித்தோம். போவால் பெயர்கூட அவருக்குத் தெரியாது, ஆனால் அவர் கேட்டால் பதில் சொல்லாமல் யாராலும் இருக்க முடியாது.

நஷ்ட ஈடு பற்றிய காட்சி ரொம்ப நாள் ஓடியது. தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. புதுக் கன்று வைத்தால் நெட்டை மரம் காய்க்க 6, 7 வருஷம் ஆகும். அந்த 1,100 ரூபாயை வைத்து ஒரு குடும்பம் கணக்குப் போடுவதுதான் காட்சி. கன்று, குழி வெட்டும் கூலி, தண்ணீர், நடுவில் பிள்ளையின் காலேஜ் பீஸ், வட்டி. ஒவ்வொரு தடவையும் கூட்டத்திலிருந்து யாராவது ஒரு செலவைச் சேர்ப்பார்கள். ஒருநாள் ஒரு குத்தகைக்கார அம்மா எழுந்து, "மொதல்ல அந்த 1,100 எனக்கு வருமான்னு நடிங்க. பட்டா எம்பேருல இல்ல" என்றார். அன்றிலிருந்து காட்சி மாறியது. நிலக்காரர் ஒரு பக்கம், முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றியவர் ஒரு பக்கம். இதில் ஊருக்குள் ஒத்த முடிவு வரவில்லை. வராததை வராதது என்றே விட்டோம். நாடகம் தீர்ப்பு சொல்லப் போனால் அடுத்த நாள் ஒத்திகைக்கு ஒரு பக்கத்து ஆள் வர மாட்டார்.

மருமகளின் ரிஜிஸ்டர் காட்சியைப் பார்க்க வருவாய்த் துறையில் வேலை செய்யும் ஒருவரும் ஒருநாள் வந்திருந்தார். முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மேல இருந்து போன் வருமே, அதையும் போடுங்க" என்றார். பல ஊர்களுக்கு ஒரே ஆள், ஒவ்வொரு மரமாக எண்ண வேண்டும், விடிவதற்குள் அறிக்கை போக வேண்டும். அந்தக் காட்சியையும் மருமகளே நடித்தாள், ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் போன். கூட்டத்துக்கு அவர்மேல் இருந்த கோபம் தணிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் ஒரு தெளிவு வந்தது. எதிரில் நிற்கிறவரோடு நாடகம் நின்றுவிடக் கூடாது, அவருக்குப் பின்னால் இருக்கிற படிகளையும் காட்ட வேண்டும்.

ஒப்பாரி பற்றி இரண்டு வார்த்தை. நாங்கள் கேட்கவேயில்லை. தோப்புக் காட்சி ஒத்திகையில் ஒரு அம்மா தானாகவே பாடினார்:

குடமெடுத்துத் தண்ணி ஊத்திக்
கொழந்தையாட்டம் வளத்தேனே
கொலை தள்ளும் நேரத்துல
குப்புறவே சாஞ்சியேம்மா

இதை நாடகத்தில் வைக்கலாமா என்று கேட்டோம். யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "இது எனக்குன்னு பாடுனது." வைக்கவில்லை. (கொஞ்ச நாள் கழித்து அவரே அனுமதி தந்த பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.) ஒத்திகையில் வருவதெல்லாம் நாடகத்துக்குச் சொந்தமல்ல. இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், பிறகு அதைக் காப்பாற்றுங்கள். ஜனங்கள் நம்மை நம்புவதும் நம்பாததும் இதில்தான் இருக்கிறது.

பெண்கள் மட்டும் உட்கார்ந்த ஒத்திகைகளில் வேறு பேச்சு வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம், வயதுக்கு வந்ததால் தீட்டு என்று தனிக் குடிசையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு சிறுமி, கஜா ராத்திரி அதன்மேல் தென்னை விழுந்து இறந்துபோனாள். செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் குழந்தையின் கதையை அப்படியே எடுப்பது சரியில்லை, அவள் குடும்பம் இருக்கிறது. ஆனால் பெண்கள் விடவில்லை. கடைசியில் அவர்கள் செய்த காட்சி இது: புயல் வருகிறது, எல்லோரும் முகாமுக்குக் கிளம்புகிறார்கள், ஒரு பெண் மட்டும் கிளம்பவில்லை. மாமியார் "அது எப்படி இப்ப உள்ள வரும்" என்கிறாள். காட்சி அங்கேயே நிற்கும். பபூனுக்கு அதில் வேலையில்லை, கேள்வியை நடித்த பெண்களே கேட்டார்கள். ஆண்கள் இருந்த கூட்டத்தில் முதலில் யாரும் எழவில்லை. ரொம்ப நேரம் கழித்து எழுந்தது நரைத்த ஒரு பெரியவர். மாமியார் இடத்தில் போய் நின்று, "வாம்மா, புயலுக்கு ஏது தீட்டு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டார். நான் இத்தனை வருஷத்தில் பார்த்த நடிப்பில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

கவனித்திருப்பீர்கள், இந்தக் காட்சியிலும் ஒரு புயல் வருகிறது. அப்பாயியிடம் கேட்டுத்தான் செய்தோம். அடித்துப்போன புயலை நடிக்க மாட்டோம், வரப்போகிற புயலை நடிக்கலாமா என்று கேட்டோம். "வரப்போறதுன்னா செய்யத்தான் வேணும்" என்றார். அதில் ஒரு முடிவெடுக்க இடமிருக்கிறது. அதிலும் காற்றுச் சத்தம் கிடையாது, ஒரு பிள்ளை ரேடியோ செய்தி வாசிப்பாள், அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த வரிசையில் ஆட்டுக் காட்சி எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. 2019 ஆடி மாதம், மழைக்காலத்துக்கு முன்னால் போட்டது. ஒரு வயதான பெண், ஒரு பேரன், இரண்டு ஆடு. தலையாரி வந்து, "கிளம்பாத்தா, வண்டி நிக்குது" என்கிறார். "ஒண்ணு சினையாடு. நீ தூக்கிட்டு வர்றியா?" என்கிறார் அவர். தலையாரி திட்டுகிறார், அவர் கதவைச் சாத்துகிறார். பபூன் கையைத் தட்டி நிறுத்தி, "யாரு வர்றீங்க? யாரோட எடத்துக்கு வர்றீங்க?" என்றார்.

முதலில் ஒரு கல்லூரிப் பையன் தலையாரியாக வந்தான். "உயிர் முக்கியமா ஆடு முக்கியமா?" என்று சத்தம் போட்டான். பாட்டியாக நடித்தவர் அசரவில்லை. "ஆடு போனா என் உசுருக்கு யாருப்பா சோறு போடுவா?" பையன் திரும்பிவிட்டான். அடுத்து வந்தவர், ஆடு செத்தால் அரசாங்கம் பணம் தரும் என்றார். கூட்டமே வேண்டாம் என்று கையசைத்தது. மூன்றாவதாக மகளிர் குழுவில் இருக்கும் ஒரு அக்கா வந்தார். வந்ததும் திண்ணையில் உட்கார்ந்தார். "கொஞ்சம் தண்ணி குடு ஆத்தா" என்றார். குடித்துவிட்டு, "எப்ப குட்டி போடும்?" என்று கேட்டார். பாட்டியின் குரல் இறங்கியது. "சினையாட்ட நான் புடிச்சிக்கிறேன், நீ பேரனப் புடிச்சிக்க. முகாம் நடக்குற மையத்துப் பின்பக்கம் சுவரோரமா கட்டிக்கலாம்" என்றார் அக்கா. பாட்டி செருப்பைத் தேடத் தொடங்கினார். கூட்டம் கைதட்டியது.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல விழிப்புணர்வு நாடகம். ஆனால் கைதட்டலுக்கு நடுவே பின்னாலிருந்து ஒரு குரல்: "அங்க நம்ம ஆட்ட யாரு கட்ட விடுவா?" இன்னொரு பெண், "கட்ட விட்டாலும் போயி என்ன பண்றது, கக்கூஸ் பூட்டிக் கெடக்கு. கஜா அன்னைக்கு ராத்திரி பூரா அடக்கிட்டு உக்காந்திருந்தோம்." பபூன் கேட்டார்: "சாவி யாருகிட்ட இருக்கு?" ஒருத்தர் தலைமையாசிரியரிடம் என்றார், ஒருத்தர் ஊராட்சி எழுத்தரிடம் என்றார், இன்னொருத்தர் பூட்டு துருப்பிடித்துப் போனது, சாவியே கிடையாது என்றார். முகாமுக்கு வர மறுத்தவர்களை ஊர் அதுவரை பிடிவாதக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பேச்சு மாறியது. பாட்டி ஏன் வரவில்லை என்பதைவிட, வந்தால் அவர் எங்கே போவார் என்பதைப் பேசினார்கள். அதுவும் நாடகம் முடிந்து இருட்டின பிறகும் பேசினார்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபை அடுத்த சில நாளில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் தேதி குறித்திருந்தோம். இதை எல்லோருக்கும் சொல்வேன்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஒரு வாரம் முன்னால் நாடகத்தை வையுங்கள். சூடு ஆறுவதற்குள் பேச்சு தீர்மானமாகிவிடும். அப்போது தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களே கிடையாது. 2016-இல் பதவிக்காலம் முடிந்து, 2019 கடைசிவரை தனி அலுவலர்கள்தான். கஜா நேரத்தில் "தலைவரே" என்று போய் நிற்க ஊருக்கு ஒரு வாசல் இல்லை. அதனால் கிராம சபையில் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். புதுப் பூட்டு, இரண்டு சாவி, ஒன்று மகளிர் குழுவிடம். மையத்தின் பின்பக்கம் எல்லாத் தெரு ஆடுமாடும் கட்டலாம். இரண்டையும் தீர்மானத்தில் எழுத வைத்தார்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

2020 நவம்பரில் நிவர் வந்தது. அது புதுச்சேரிப் பக்கம் கரையேறியது, ஆனால் டெல்டா முழுக்க எச்சரிக்கை இருந்தது. கொரோனா வேறு. எங்களால் போக முடியவில்லை, போனில்தான் கேட்டுக்கொண்டோம். சாவி மகளிர் குழு அக்காவிடம் இருந்தது, கழிப்பறை திறந்திருந்தது. ஆடுகள் வந்தன, ஆனால் இரண்டு தெரு ஆடுகளும் இரண்டு பக்கமாகத்தான் கட்டப்பட்டன. சில வீட்டார் அப்போதும் வரவில்லை. அடுத்த வாரமே புரெவி வந்து மழையாகக் கொட்டியபோது இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள் என்று சொன்னார்கள்.

குழந்தைகளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அது தனி வேலை. ஒன்று மட்டும்: குழந்தைகள் தாங்களாகப் புயல் விளையாட்டு விளையாடுவார்கள். வீடு கட்டி, ஊதித் தள்ளி, மறுபடி கட்டுவார்கள். அதைத் தடுக்கவும் வேண்டாம், எடுத்து மேடையில் ஏற்றவும் வேண்டாம்.

இனி சில நடைமுறை விஷயங்கள். நூறு நாள் வேலை நடக்கிற நேரத்திலும், உப்பளத்து ஆட்கள் உள்ள ஊரென்றால் உப்பு வாரும் நாட்களிலும் ஒத்திகை வைக்காதீர்கள். உப்பளத்து வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர்களால் உட்கார முடியாது. கூலி போகிற மாதிரி ஒரு நாள் ஆகிவிட்டால் கூலியைக் கொடுத்துவிடுங்கள், அதைச் செலவுக் கணக்கில் முதல் வரியாகப் போடுங்கள். எங்களுக்கு ஆன செலவெல்லாம் வேன் டீசல், டீ, வடை, இரண்டு எல்இடி விளக்கு, இந்தக் கூலி, அவ்வளவுதான். உடை, செட் என்று எதுவும் வாங்கவில்லை. விழுந்த மட்டையும் கீற்றும் ஊர் முழுக்கக் கிடந்தன. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போடுங்கள். எழுதிக்கொடுப்பது ஊர்ப் பெண்கள் பெயரில் இருந்தால் இன்னும் நல்லது, நாடகம் யாருடையது என்பது ஸ்டேஷனுக்கும் தெரியும்.

போட்டோ, வீடியோ விஷயத்தில் கறாராக இருங்கள். உதவி செய்த நண்பர்கள் ஆசையாகக் கேட்பார்கள், அதில் தப்பில்லை. ஆனால் போன் கேமரா தூக்கியதும் அந்த மருமகளின் முதுகு நிமிர்ந்துவிடும், மட்டை ரிஜிஸ்டராக இல்லாமல் வெறும் மட்டையாகிவிடும். எடுக்கலாமா என்று நடிப்பவர்களிடம் ஒத்திகையிலேயே கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுக்காதீர்கள். எங்களிடம் அந்த ஊர் நாடகத்தின் ஒரு வீடியோகூட இல்லை.

கடைசியாக, திரும்பி வருவது. ஒரு தடவை போட்டுவிட்டுப் போகிற குழுவுக்கு இந்த வேலை வேண்டாம். நாங்கள் படிப்படியாகக் குறைத்துக்கொண்டோம். முதலில் பபூன் பாத்திரத்தை ஊரிலேயே இன்னொருவருக்குப் பழக்கினோம், அப்புறம் ஒத்திகையை மகளிர் குழுக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டோம். இப்போது புரட்டாசி கடைசியில் அவர்களே ஒரு காட்சி போடுகிறார்கள், எங்களுக்குத் தகவல் வரும். போன தடவை போட்டது ரேஷன் கார்டு, பட்டா, ஆதார் எல்லாவற்றையும் எந்த டப்பாவில் போட்டு வைப்பது, வீட்டில் அதை யார் எடுத்துக்கொண்டு கிளம்புவது என்ற சண்டை. மாமியார் வேஷத்தில் அந்த மருமகள்தான். ரிஜிஸ்டர் வேஷத்தை அவள் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.